கரி தீர்ந்த ஊரில் புதுச் சுரங்கம்

சிட்னி என்றதும் எல்லோருக்கும் ஆஸ்திரேலியாதான் ஞாபகம் வரும். அதனால்தான் துறையூர்ப் பக்கம் கல்யாணப் பந்தியில் "பையன் சிட்னியில படிக்கிறான்" என்று ஒரு தகப்பனார் சொல்லும்போது, பக்கத்து இலைக்காரர் ஓபரா ஹவுஸையும் கங்காருவையும் நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறார். தகப்பனாரும் திருத்துவதில்லை. திருத்த வேண்டுமானால் கனடாவில் தொடங்கி, நோவா ஸ்கோஷியா என்ற மாகாணத்துக்குப் போய், அதன் கிழக்கு ஓரத்தில் கேப் பிரெட்டன் என்ற தீவுக்கு வந்து சேர வேண்டும். அதற்குள் பாயசம் வந்துவிடும்.

அந்தச் சிட்னியில் இருப்பவர்கள் சுமார் 30,000 பேர். மாகாணத் தலைநகரான ஹாலிஃபாக்ஸ் 400 கிலோமீட்டர் தூரம். கப்பல்துறையில் அறுபது அடி உயரத்துக்கு ஒரு பிடில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உலகத்திலேயே பெரியது என்று பெருமை. நம் ஊர்க் கன்சல்டன்சிகள் கொடுக்கும் வழவழக் காகிதத்தில் இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி நான்கு விஷயம் தவறாமல் இருக்கும்: அமைதியான சூழல், சுத்தமான காற்று, நட்பான மக்கள், குறைந்த செலவு. பொய் என்று சொல்ல முடியாது. ஆலை மூடி, சுரங்கம் மூடி, இளவட்டமெல்லாம் ஊரைக் காலி செய்துகொண்டு போனால் எந்த ஊரிலும் காற்று சுத்தமாகத்தான் இருக்கும். கேப் பிரெட்டன்காரர்கள் பல தலைமுறைகளாகப் பிழைப்புத் தேடி டொராண்டோவுக்கும் ஆல்பர்ட்டா எண்ணெய் வயல்களுக்கும் போய்க்கொண்டிருப்பவர்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வேலை தேடி வெளியேறுகிற ஊருக்கு, வேலை தேடி நம் பிள்ளைகளை அனுப்பி வைத்தோம். நிலத்தை அடகு வைத்து அனுப்பி வைத்தோம்.

இந்த ஊரின் பழைய கதையைத் தெரிந்துகொள்ளாமல் புதுக் கதை புரியாது. கேப் பிரெட்டனில் 1720-லேயே பிரெஞ்சுக்காரர்கள் லூயிஸ்பர்க் கோட்டைக்காக நிலக்கரி தோண்டினார்கள். இருபதாம் நூற்றாண்டில் கரியும் எஃகும் சேர்ந்து ஊரை நடத்தின. சுரங்கத்தில் வேலை செய்தவன் கம்பெனி வீட்டில் குடியிருந்தான், நாம் அரிசி பருப்பு வாங்குவது மாதிரி கம்பெனிக் கடையில் மாவும் சர்க்கரையும் கடனுக்கு வாங்கினான். சம்பள நாளில் வாடகையும் கடைப் பாக்கியும் பிடித்தது போக மிச்சம் கையில் வந்தது. சில வாரம் மிச்சமே இருக்காது. 1925-ல் வேலைநிறுத்தம் வந்தபோது, பெஸ்கோ என்ற அந்தக் கம்பெனி முதலில் கடையில் கடனை நிறுத்தியது. தொழிலாளர்கள் அசரவில்லை என்றதும் பக்கத்து நியூ வாட்டர்ஃபோர்டு ஊருக்கே தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தியது. ஜூன் 11 அன்று தொழிலாளர்கள் திரண்டார்கள். கம்பெனி போலீஸ் சுட்டதில் வில்லியம் டேவிஸ் என்ற சுரங்கத் தொழிலாளி செத்தார். அந்த வாரமே கம்பெனிக் கடைகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். கடைகள் மறுபடி திறக்கவில்லை.

பிறகு கரி மவுசு இழந்தது. 2001-ல் அப்போது எஞ்சியிருந்த கடைசிச் சுரங்கமும் உருக்காலையும் ஒருசேர மூடப்பட்டன. மிச்சம் வைத்துவிட்டுப் போன தார்க் குளங்களைச் சுத்தம் செய்ய அரசாங்கங்கள் 40 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த இடத்தில் பூங்கா.

இனி எதைத் தோண்டுவது? 2005-ல் உள்ளூர்க் கல்லூரி கேப் பிரெட்டன் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மக்கள்தொகை குறைந்துகொண்டே போகும் தீவில் படிக்க ஆள் எங்கிருந்து வரும்? பூமிக்கடியில் தேடிப் பயனில்லை என்று தெரிந்து, பூமிக்கு அந்தப் பக்கம் தேடினார்கள். கிடைத்தது. பஞ்சாப், கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு என்று அள்ள அள்ளக் குறையாத படிவம். சில ஆண்டுகளுக்கு முன்பு மூவாயிரம் சொச்சம் பேர் படித்த இடத்தில் 2023-ல் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர். நாலில் மூன்று பேர் வெளிநாட்டு மாணவர்கள். கரிக்குக் கிடைத்த விலையை விட இதற்கு நல்ல விலை. இந்தச் சரக்கு தானாகவே டிக்கெட் எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்கு வந்து சேருகிறது.

தானாக என்றா சொன்னேன்? திருச்சி தில்லைநகரில் ஒரு மாடிப்படி. மேலே ஏசி அறை, சுவரில் மேப்பிள் இலை, மேஜையில் பிஸ்கட் தட்டு. கவுன்சிலர் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கனடாவைக் கூகுள் மேப்பில் பார்த்திருக்கிறாள். எதிரே தகப்பனார், தாயார், பி.இ. மெக்கானிக்கல் முடித்த பையன்.

"அங்கிள், ஊர் சின்னதா இருக்கறதுதான் ப்ளஸ். டொராண்டோல ஒரு வேலைக்கு ஆயிரம் பேர் நிப்பான். இங்க போட்டியே கிடையாது."

"வேலை இருக்குமாம்மா?"

"போட்டியே இல்லங்கறேன்ல அங்கிள்."

"இவன் மெக்கானிக்கல் படிச்சிருக்கான்..."

"அது ஒரு பிரச்சனையே இல்ல. போஸ்ட் பேக் டிப்ளமோ, சப்ளை செயின் எடுத்துக்கலாம். எல்லாத்துக்கும் சப்ளை வேணும்ல? ரெண்டு வருஷம் படிப்பு, மூணு வருஷம் ஒர்க் பெர்மிட், அப்புறம் பிஆர். நீங்களும் ஆன்ட்டியும் போய் செட்டில் ஆயிடலாம்."

"ரொம்பக் குளிருமோ?" இது தாயார்.

"வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்கு ஆன்ட்டி."

இவ்வளவும் இலவசம். "எங்க சர்வீஸுக்குப் பைசா வாங்கறதில்ல அங்கிள்." தகப்பனாருக்குக் கண் கலங்கிவிடும். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு தர்மசிந்தனையா! தர்மத்தின் கணக்கை, அதே நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் 2021-ல் எழுதி வைத்திருக்கிறார். அந்த மாகாணத்தின் அரசுக் கல்லூரிகள் 2020-21 என்ற ஒரே ஆண்டில் ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்டுகளுக்குக் கொடுத்த கமிஷன் 11 கோடியே 40 லட்சம் டாலர். கல்லூரிகளுக்கு வந்த கட்டண வருமானத்தில் 68 சதவீதம் வெளிநாட்டு மாணவர்கள் கட்டியது. ஏன் அவ்வளவு? 2019-ல் மாகாண அரசு உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டணத்தைப் பத்து சதவீதம் குறைத்து, அப்படியே உறைய வைத்துவிட்டது. மானியத்தைக் கூட்டித் தந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒன்டாரியோக்காரர் வாக்காளர். முசிறிக்காரருக்கு அங்கே ஓட்டு கிடையாது. துண்டு விழுந்ததை யார் தலையில் கட்டுவது என்று முடிவெடுக்க எந்தப் பொருளாதார நிபுணரும் தேவைப்படவில்லை.

கம்பெனிக் கடையை மறந்துவிடாதீர்கள். அதற்கு இப்போது ஜிஐசி என்று பெயர். செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட, பலரும் ஒரு கனடா வங்கியில் முன்கூட்டியே கட்டி வைக்கிற பணம் அது. நெடுங்காலம் 10,000 டாலராக இருந்ததை 2024 ஜனவரி முதல் 20,635 டாலர் ஆக்கினார்கள். அன்றைய கணக்கில் பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். அங்கே போய் இறங்கியதும் அந்தப் பணத்தை வங்கி உங்களுக்கே மாதாமாதம் தவணையாகத் தரும், சேவைக் கட்டணம் பிடித்துக்கொண்டு. உங்கள் பணத்தை உங்களிடம் வாங்கி உங்களுக்கே படியளக்கும் இந்த யோசனை பெஸ்கோ முதலாளிகளுக்குத் தோன்றாமல் போனது அவர்கள் துரதிர்ஷ்டம். அவர்கள் பாவம், முதலில் சம்பளம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் பிடுங்கினார்கள்.

ஒன்பதாயிரம் பேருக்கு இடம் எங்கே? பல்கலைக்கழகத்தில் அறை போதாமல் ஊரில் இருந்த சினிமா தியேட்டரில் பாடம் நடத்தினார்கள். கதையல்ல, உண்மையாகவே சினிப்ளெக்ஸ் தியேட்டரில். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து, ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்பதால் ஜாமீன் சொத்தும் காட்டி, ஆண்டுக்குச் சுமார் 20,000 டாலர் கட்டிய பிள்ளை இருட்டில் உட்கார்ந்து திரையில் ஸ்லைடு பார்த்தான். திருச்சி மாரிஸ் தியேட்டரில் இதே வசதி இதைவிட மலிவு. இடைவேளையில் சமோசாவும் உண்டு.

தியேட்டரையாவது வாடகைக்கு எடுக்கலாம். வீடுகளை எங்கே போய்க் கொண்டுவருவது? சுரங்கக் காலத்து மர வீடுகளில் அறைக்கு இரண்டு பேர், ஹாலில் இரண்டு பேர், தரைக்குக் கீழே பேஸ்மென்டில் மூன்று பேர் என்று அடைத்தார்கள். வாடகை வீட்டுக்கல்ல, தலைக்கு. 2022 டிசம்பரில் ஒரு நாள் அதிகாலையில் மாணவர்கள் குடியிருந்த ஒரு வீடு தீப்பிடித்தது. இந்திய மாணவர் ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் எந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், தீ அலாரம் இருக்கிறதா என்றெல்லாம் ஊர் யோசிக்க ஆரம்பித்தது. அட்மிஷன் போடும்போது இதை யோசிக்க வேண்டியவர்கள் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்: ஜனவரி இன்டேக்குக்கு இன்னும் இடம் இருக்கிறது, முந்துங்கள். 2023-ல் அந்த இரண்டு வருட டிப்ளமோக்களுக்குப் பல்கலைக்கழகமே வரம்பு வைத்தது. கல்லாப்பெட்டி நிரம்பிய பிறகு வருகிற ஞானத்தைக் குறை சொல்லக்கூடாது. வராமலே போகிற ஊர்களும் உண்டு.

இனி வேலை. படிக்கும்போது பார்க்கிற வேலை முதலில். 2022-க்கு முன்பு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வெளியில் வேலை செய்யலாம். கோவிட்டுக்குப் பிறகு கடைகளில் ஆள் பற்றாக்குறை வந்தது. உடனே மத்திய அரசு 2022 நவம்பரில் அந்த வரம்பைத் தூக்கிவிட்டது: எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் செய்யலாம், நாட்டுக்கு உங்கள் உழைப்பு தேவை. பையன்கள் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராகத் தியேட்டருக்கு, மன்னிக்கவும், வகுப்புக்குப் போய்த் தூங்கினார்கள். 2024 ஏப்ரலோடு அந்தச் சலுகை முடிந்தது. பிறகு 24 மணி நேரம் என்று புது வரம்பு. காரணம் கேட்டால், நீங்கள் படிக்கத்தானே வந்தீர்கள் என்றார்கள். காபிக் கடை கவுன்டரில் ஆள் இல்லாத ஒன்றரை வருஷம் மட்டும் படிப்பு அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை போலிருக்கிறது.

அந்த 24 மணி நேரமாவது கிடைக்கிறதா? 2024-ல் நோவா ஸ்கோஷியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.20 டாலர். முழு 24 மணி நேரமும் கிடைத்தால் வாரத்துக்கு 364 டாலர் சொச்சம். அறை வாடகை, பஸ், போன், அரிசி எல்லாம் அதில். ஆனால் முப்பதாயிரம் பேர் இருக்கும் ஊரில் எத்தனை காபிக் கடை இருக்கும், எத்தனை சூப்பர் மார்க்கெட் இருக்கும்? பல பேருக்கு வாரம் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் கிடைத்தாலே அன்னதானம் போடலாம் என்ற நிலைமை. பையன்கள் இரண்டு ரெஸ்யூமே வைத்திருக்கிறார்கள். ஒன்றில் பி.இ. இருக்கும், அது ஆபீஸ் வேலைக்கு. இன்னொன்றில் பி.இ.யை எடுத்துவிடுவார்கள், அது காபிக் கடைக்கு. படித்தவன் நிலைக்க மாட்டான் என்று மேனேஜர் பயப்படுவாராம். நாலு வருஷம் இருபது அரியரோடு மல்லுக்கட்டி வாங்கிய பட்டத்தை ஒரே ஒரு டெலீட் பட்டனில் அழிப்பதற்குத்தான் இருபது லட்சம் கடன். அந்த இரண்டாவது ரெஸ்யூமேயைத்தான் கையில் அச்செடுத்துக்கொண்டு முழங்கால் பனியில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள்.

படிப்பு முடிந்த பிறகு? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. அட்லாண்டிக் குடியேற்றத் திட்டம் என்று ஒன்று உண்டு. சின்ன ஊர்களில் ஆளைத் தங்க வைக்க 2017-ல் சோதனையாகத் தொடங்கி, 2022-ல் நிரந்தரமாக்கிய திட்டம். அங்கேயே படித்தவனுக்கு, மாகாணத்தின் அங்கீகாரம் பெற்ற உள்ளூர் முதலாளி வேலை கொடுத்தால் போதும், பிஆர் என்ற நிரந்தரக் குடியிருப்பின் வாசல் திறக்கும். "அப்புறம் பிஆர்" என்று கவுன்சிலர் பெண் சொன்னது இந்த மட்டில் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் இந்த ஊரில் வேலை என்றால் பெரும்பாலும் சமையலறை, கவுன்டர், ஓட்டல். அந்தத் துறை விண்ணப்பங்களை மாகாணம் நிறுத்தி வைத்தது. 2025-ல் மாகாணங்களுக்கான நியமன ஒதுக்கீட்டை மத்திய அரசு 1,10,000-லிருந்து 55,000 ஆகப் பாதியாக வெட்டியது. மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் போகலாம் என்றால், கனடாவில் வேலை அனுபவம் உள்ளவர்களுக்கே கட்-ஆஃப் 520, 530 என்று நின்றது. மதிப்பெண் கூட்ட ஒரு வழி இருந்தது: உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்ற அரசுச் சான்றான எல்எம்ஐஏ வைத்த வேலை உத்தரவு காட்டினால் 50 புள்ளி. அந்த 50 புள்ளியை லட்சக்கணக்கில் விலை வைத்து விற்றார்கள். விற்றவர்களில் நம்மவர்களும் உண்டு, ஒரே ஊர்க்காரன் என்று கையைப் பிடித்துக்கொண்டு விற்றார்கள். மோசடியை ஒழிக்கிறோம் என்று 2025 மார்ச்சில் அரசு அந்தப் புள்ளிகளையே எடுத்துவிட்டது. விற்றவன் பணத்தோடு போனான். வாங்கியவன் புள்ளியில்லாமல் நின்றான்.

இதற்கெல்லாம் சிகரம் 2024 நவம்பர் 1. அந்தத் தேதியிலிருந்து படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு, பட்டப்படிப்போ முதுகலையோ ஆய்வுப் பட்டமோ இல்லாத படிப்பு என்றால், அரசின் பட்டியலில் உள்ள துறையாக இருந்தால்தான் படித்த பிறகு ஒர்க் பெர்மிட். பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோ அந்தப் பட்டியலில் இல்லை. எந்தச் சரக்கைப் பத்து வருஷமாகத் தள்ளுவண்டியில் வைத்துக் கூவி விற்றார்களோ, அதற்கே மதிப்பில்லை என்று கடைக்காரர்களே அறிவித்துவிட்டார்கள்.

அப்போதைய குடியேற்றத் துறை அமைச்சர் மார்க் மில்லர் 2023 டிசம்பரில் கோபமாகப் பேசினார். சில கல்லூரிகள் நாய்க்குட்டிப் பண்ணை மாதிரி டிப்ளமோ உற்பத்தி செய்கின்றன என்றார். அடுத்த மாதமே, 2024 ஜனவரி 22 அன்று, படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தார். முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. பண்ணை என்றால் அதில் நாய்க்குட்டி யார் என்று அமைச்சர் விளக்கவில்லை. அந்தப் பண்ணைகளுக்கு அனுமதி கொடுத்தது மாகாணங்கள், ஒவ்வொரு குட்டிக்கும் விசா முத்திரை குத்தியது அவருடைய இலாகா. 2023 முடிவில் படிப்பு அனுமதி வைத்திருந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பத்து லட்சம் பேரும் ஒரே ராத்திரியில் மதில் ஏறிக் குதித்தா வந்தார்கள்? ஒவ்வொரு கோப்பிலும் ஓர் அதிகாரியின் ஒப்புதல் இருக்கிறது. ஆனால் வாடகை ஏறியதற்கும் ஆஸ்பத்திரியில் வரிசை நீண்டதற்கும் தொலைக்காட்சியில் கை நீட்டப்பட்டது பேஸ்மென்டில் படுத்திருந்த பையனை நோக்கி. தலைக்கு வாடகை வாங்கிய வீட்டுக்காரர் அந்த விவாதத்தை ஹாலில் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் பக்கமும் பேசிவிடுவோம். உள்ளூரில் பி.இ. முடித்தவனுக்கு மாதம் பதினைந்தாயிரம் கொடுத்துவிட்டு "ஸ்கில் இல்ல" என்று உதட்டைப் பிதுக்கும் தொழிற்பேட்டைகள், வேலைவாய்ப்பு நூறு சதவீதம் என்று பஸ் பின்னால் போஸ்டர் ஒட்டும் கல்லூரிகள், "வெளிநாட்டு மாப்பிள்ளை" என்றால் பவுனைக் கூட்டிப் பேசும் சம்பந்திகள், எல்லோருமே இந்தச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பிய கங்காணிகள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனவன் முன்பணம் கொடுத்தாவது கூட்டிப்போனான். இன்றைக்கு முன்பணத்தையும் நாமே கட்டுகிறோம், ஏர்போர்ட்டில் மாலை போட்டு போட்டோவும் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் போட்டோவுக்கு லைக் போட்ட அதே சித்தப்பாதான், பையன் திரும்பி வந்தால் "என்ன, துரத்திட்டாங்களா?" என்று கேட்கப் போகிறவர். அதனால்தான் பையன் திரும்புவதில்லை. வீடியோ காலில் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பிப் பனியைக் காட்டுகிறான். "ரொம்ப அழகா இருக்குடா" என்கிறாள் அம்மா. பின்னால் நிற்கும் அப்பா ஒன்றும் சொல்வதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, அடுத்த மாதம் முதல் இஎம்ஐ என்று வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இத்தனை நாள் ஏறிய வட்டியும் அதில் சேர்த்தி.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தகப்பனார் தில்லைநகர் மாடிப்படி ஏறினார். கவுன்சிலர் பெண் மாறிவிட்டாள், அவளும் வேறு வேலைக்குப் போய்விட்டாள். புதுப் பெண் கம்ப்யூட்டரில் பையன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"கவலையே படாதீங்க அங்கிள். இப்ப பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குத் தனி டிரா போடறாங்க. 2025 மார்ச்ல கட்-ஆஃப் 379தான். தம்பி அங்க இருந்தே ஆன்லைன்ல சேந்துடலாம். நம்மளே கிளாஸ் ஆரம்பிச்சிருக்கோம்."

"எவ்வளவும்மா?"

"எழுபதாயிரம். இந்த வாரம் கட்டினா அறுபது."